எழுந்திருக்காத நொதிகள்

நுரையீரல் புற்றுநோய் செல்களுக்கு இரண்டு வருடம் நான் சோறு போட்டு வளர்த்திருக்கிறேன். கல்யாணத்துக்கு முன்பு, ஓர் ஆய்வுக்கூடத்தில். யாரோ ஒருவருடைய நெஞ்சிலிருந்து எப்போதோ எடுத்த செல்கள். அந்த ஆள் போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகியிருக்கும். தட்டில் அவை மட்டும் பெருகிக்கொண்டே இருந்தன. மூன்று நாளுக்கு ஒருமுறை பழைய ஊட்டநீரை உறிஞ்சி எடுத்துவிட்டு, இளஞ்சிவப்பு நிறத்தில் புதிதாக ஊற்ற வேண்டும். தீபாவளி, பொங்கல் எல்லாம் அவற்றுக்குத் தெரியாது. அம்மா போன் செய்து, "லீவு நாள்ல கூட அங்க என்னடி வேலை?" என்று கேட்டால், "புள்ளைங்களுக்குப் பசிக்கும்மா" என்பேன். அந்தத் திமிரை இப்போது நினைத்தால் என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

வளர்த்த செல்களைச் சாகடிப்பதும் என் வேலைதான். சரியாகச் சொன்னால், தாமாகவே சாகும்படி செய்வது. நம் உடம்பில் ஏறக்குறைய ஒவ்வொரு செல்லுக்குள்ளும் அதைக் கொல்லக்கூடிய நொதிகள் முன்கூட்டியே இருக்கின்றன. காஸ்பேஸ் என்று பெயர். சாதாரண நாட்களில் அவை தூங்கும். செல் கெட்டுப்போய்ப் பழுதுபார்க்க வழியில்லை என்றால் உள்ளேயிருந்தே உத்தரவு வரும். முதல் நொதி விழித்து அடுத்ததை எழுப்பும். எழுந்தது செல்லின் உள்கட்டமைப்பை வெட்டிச் சாய்க்கும். சத்தம் இருக்காது, வீக்கம் இருக்காது. செல் சின்னச் சின்னப் பொட்டலங்களாக உடைந்துவிடும், அக்கம்பக்கத்துச் செல்கள் அதை விழுங்கி இடத்தைச் சுத்தம் செய்துவிடும். புற்றுநோய் செல்லிலும் இந்த நொதிகள் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன. அவற்றை எழுப்பும் உத்தரவைத்தான் அந்தச் செல் வரவிடாமல் தடுத்து வைத்திருக்கிறது. மருந்தை நேராகத் தட்டில் ஊற்றி, மறுநாள் காலையில் நுண்ணோக்கியில் பார்ப்பேன். செல்கள் சுருங்கி, கொப்பளம் விட்டு, உதிர்ந்து மிதக்கும். அதைப் பார்த்துவிட்டுப் போய் ஒரு காபி குடிப்பேன்.

கல்யாணம் ஆனதும் ஆய்வு நின்றது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. ஆவடியிலிருந்து தினமும் ஒரு ரயில், இரண்டு பஸ் மாறிப் போய்வர என்னால் ஆகவில்லை, அவ்வளவுதான். பூந்தமல்லி பக்கம் ஒரு நர்சிங் கல்லூரியில் உயிர்வேதியியல் சொல்லிக்கொடுக்கும் வேலை கிடைத்தது. கணவர் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் மெஷினிஸ்ட், குடியிருப்பு குவார்ட்டர்ஸில். முத்தாபுதுப்பேட்டையில் பிறந்து வளர்ந்த மனுஷன். நான் திருச்சிக்காரி. அவர் பேச்சு எனக்குப் பிடிபடவே ஆறு மாதம் ஆயிற்று. நான் "என்னங்க" என்றால் அவர் "இன்னா டீச்சர்" என்பார், அதுவும் மூன்று பிளாக்குக்குக் கேட்கிற மாதிரி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டே இதெல்லாம் என்னவென்று கேட்டார். காஸ்பேஸ் கதையைச் சொன்னேன். மிகவும் கவனமாகக் கேட்டுவிட்டு, "பிரிஞ்சிச்சி டீச்சர். ரிட்டயர் ஆயிட்டும் குவார்ட்டர்ஸ காலி பண்ணாம குந்திகினு கீறான் பாரு, அவன்தான் கேன்சர் செல்லு. நோட்டீஸ் குடுத்துத் தூக்கறதுக்கு ஆபீஸ்ல ஆளு கீது. ஆனா அந்த ஆளு தூங்கிகினு கீது. அவ்ளோதானே?" என்றார்.

அவ்வளவேதான். அடுத்த வாரமே வகுப்பில் அதைச் சொன்னேன். அந்த வருடம் பரீட்சையில் நான்கு பெண்கள் விடைத்தாளிலேயே குவார்ட்டர்ஸ், நோட்டீஸ் என்று எழுதி வைத்தார்கள். நான் முழு மதிப்பெண் போட்டேன்.

போன வருடம் அவருக்கு இருமல் வந்தது. தொழிற்சாலைத் தூசி என்றார். ஏ.சி. என்றார். நான் வாங்கி வந்த புது ஊதுபத்தி என்றார். மூன்று மாதம் இப்படியே போனது. ஒரு நாள் மாடிப்படி ஏறும்போது பாதியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருந்தது. அதை எடுத்துச் சோதித்தார்கள், சதைத் துணுக்கு எடுத்துச் சோதித்தார்கள், புற்றுநோய் என்றார்கள், பரவியும் இருக்கிறது என்றார்கள். ஆப்பிளும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு பார்க்க வந்த ஒவ்வொருவரும் முதலில் கேட்ட கேள்வி, "சிகரெட் பிடிப்பாரா?" இல்லை என்றால் நம்பாத ஒரு பார்வை. ஒரு பீடியைக்கூட வாயில் வைக்காத மனுஷனுக்காக நான் சாட்சி சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டது. கடைசியில் ஒரு அம்மாளிடம், "ஆமாங்க, நான்தான் வாங்கிக் குடுத்தேன்" என்று சொல்லிவிட்டேன். அவர் அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

மரபணுச் சோதனை முடிவு வந்த அன்று டாக்டரம்மா தாளைத் திருப்பிக் காட்டினார். செல்லின் மேல்புறத்தில் இருக்கும் ஒரு புரதத்தில் மாற்றம். சிகரெட் பிடிக்காதவர்களிடம் அதிகம் பார்க்கும் மாற்றம் அது. அந்தப் புரதம் 'உயிரோடு இரு, பெருகு' என்று ஓயாமல் கட்டளை போட்டுக்கொண்டே இருக்கும், அதனால் காஸ்பேஸ்கள் எழவே வழியில்லை. அந்தக் கட்டளையை அடைக்க ஒரு மாத்திரை உண்டு. தினமும் ஒன்று, வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம். அடைத்துவிட்டால் நொதிகள் எழுந்து வேலையைத் தொடங்கும். நோய் அடியோடு போகும் என்று அவர் சொல்லவில்லை, பலருக்கு வருடக்கணக்கில் தள்ளிப்போகிறது என்றார். சொல்லப்போனால் நான் சந்தோஷப்பட்டேன். புருஷனுக்கு முற்றிய புற்றுநோய் என்று தெரிந்த பத்தாவது நாள், ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு சந்தோஷப்பட்டேன். எனக்குத் தெரிந்த பாடம் ஆயிற்றே இது.

அன்று டாக்டரம்மா கேட்ட கேள்வி ஒன்று உண்டு. "வேற மாத்திரை ஏதாவது எடுத்துக்கிறீங்களா? சுகர், பிரஷர், வேற ஏதாச்சும்?"

"இல்ல மேடம்" என்றோம், இருவரும் ஒரே குரலில்.

அன்று காலையில்தான் ஒரு தம்ளர் தண்ணீரோடு அவருக்கு கேஸ் மாத்திரை எடுத்துக் கொடுத்திருந்தேன். முந்தின நாளும் கொடுத்தேன். பதினைந்து வருடமாகக் கொடுக்கிறேன்.

பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. எங்கள் குவார்ட்டர்ஸில் கேஸ் மாத்திரையை யாரும் மாத்திரைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஷிப்ட் மாறி மாறிச் சாப்பிட்டு எல்லோருக்கும் வயிறு கெட்டிருக்கும். ஃபிரிட்ஜ் மேல் ஒரு அட்டை, சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒரு அட்டை. கறிவேப்பிலை மாதிரி பக்கத்து வீட்டில் கை நீட்டி வாங்கிக்கொள்வோம். கல்யாணத்துக்குப் போகும்போது பையில் சீப்போடு அதுவும் போகும். பல் துலக்குகிற மாதிரி அது ஒரு காலை வேலை, அவ்வளவுதான். புது மாத்திரையை ஏழு மணிக்குப் போட வேண்டும் என்று சொன்னதும், வயிற்றைக் கெடுத்துவிடக் கூடாதே என்று ஆறு மணிக்கே கேஸ் மாத்திரையைக் கொடுத்துவிட்டேன். அக்கறையாம்.

மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து மடித்து ஒரு தாள் வைத்திருந்தார்கள். அதில் எந்தப் பக்கத்தைப் படித்தேன் தெரியுமா? மருந்து எந்தப் புரதத்தில் போய் உட்கார்கிறது, அதன் பின் செல்லில் என்னென்ன நடக்கிறது என்கிற பக்கத்தை. பழைய சிநேகிதியின் கடிதம் மாதிரி இரண்டு தடவை படித்தேன். பின்பக்கத்தில் எறும்பு எழுத்தில் எந்தெந்த மருந்தோடு சேரக் கூடாது என்று இருந்ததைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. இவர்தான் வேறு மாத்திரையே சாப்பிடுவதில்லையே.

அந்த மாத்திரை போட்டால் முகத்தில் பரு மாதிரி கிளம்பும், பயப்பட வேண்டாம், மருந்து ஏறுகிறது என்பதற்கு அது ஒரு அடையாளம் என்று நர்ஸ் சொல்லி அனுப்பியிருந்தார். ஒரு மாதம் ஆயிற்று, இரண்டு மாதம் ஆயிற்று, ஒன்றும் கிளம்பவில்லை. "மூஞ்ச பாரு டீச்சர், எப்டி பளபளன்னு கீது. மாப்ள பாக்க வர்லாம்" என்று கண்ணாடி முன்னால் நின்று கன்னத்தைத் தடவிக்கொள்வார். நானும் சிரித்தேன். இருமல் மட்டும் அப்படியே இருந்தது.

மூன்றாம் மாதம் ஸ்கேன். கட்டி குறையவில்லை, வளர்ந்திருந்தது. சிலருக்கு முதலிலேயே கேட்காமல் போவது உண்டு, இன்னும் இரண்டு மாதம் பார்ப்போம் என்றார் டாக்டரம்மா. கணவரை வெளியே நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு மருந்து வாங்கக் கீழே போனேன். கவுன்ட்டரில் ஒரு சின்னப் பெண். அந்த மாத்திரைச் சீட்டைக் கொடுத்துவிட்டு, பழக்கதோஷத்தில், "அப்படியே ஒரு அட்டை கேஸ் மாத்திரையும் குடும்மா" என்றேன்.

அந்தப் பெண்ணின் கை அப்படியே நின்றது. "மேடம், ரெண்டும் ஒரே ஆளுக்கா?"

"ஆமா. ஏன்?"

"சேத்துப் போடக்கூடாதே மேடம். இந்த மாத்திரை கரையறதுக்கு வயித்துல ஆசிட் வேணும். கேஸ் மாத்திரை போட்டா சரியா உள்ள போகாது. டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

அவளுக்கு என் மாணவிகளின் வயதுதான் இருக்கும். அமிலமும் காரமும் நான் முதல் வாரத்திலேயே நடத்துகிற பாடம். ஆய்வுக்கூடத்தில் மருந்தை நேராகச் செல்களின் தலையில் ஊற்றிப் பழகியவள் நான். தட்டில் வாய் கிடையாது, இரைப்பை கிடையாது, காலை ஆறு மணி கிடையாது. செல்லுக்குள் எந்த நொதி எதை எழுப்பும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அந்த மருந்து வாயிலிருந்து நெஞ்சுக்குப் போய்ச் சேர ஒரு வயிற்றைக் கடக்க வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

படி ஏறி, அவர் கண்ணில் படாமல் சுற்றிக்கொண்டு, டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன். "நான் கேட்டேனேம்மா" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. இதனால்தான் வளர்ந்ததா என்று கேட்டேன். சொல்ல முடியாது, மருந்து கேட்காமலே இருந்திருக்கலாம், இதனாலும் இருக்கலாம், உடனே நிறுத்துங்கள், பார்ப்போம் என்றார். கீழே கழிப்பறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

அவரிடம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். வெட்கமாக இருந்தது. அவருக்கு நான் டீச்சர். நோய் வந்ததிலிருந்து அவருக்கு டாக்டரம்மாவைவிட என் வார்த்தையில்தான் நம்பிக்கை. அவர் முகத்தைப் பார்த்து, மூன்று மாதம் நானே என் கையால் கெடுத்தேன் என்று எப்படிச் சொல்வது? வீட்டில் இருந்த அட்டைகளை எல்லாம் பொறுக்கிக் குப்பையில் போட்டுவிட்டு, "இனிமே கேஸ் மாத்திரை வேணாமாம். டாக்டர் சொல்லிட்டாங்க" என்றேன்.

"அது இன்னாத்துக்கு? அது இல்லாங்காட்டி நெஞ்சு எரியுமே."

"வேணாம்னா வேணாம். ஊறுகாய், மட்டன் எல்லாம் குறைக்கச் சொல்லலியா, அந்த மாதிரி" என்றேன்.

அவரும் சரி என்று தலையாட்டினார். நான் சொன்னதை அவர் பத்தியமாக எடுத்துக்கொண்டார் என்பது எனக்கு அன்று உறைக்கவில்லை.

பத்தே நாளில் அவர் மூக்கின் மேல், நெற்றியில், முதுகில், சிவப்பு சிவப்பாகக் கிளம்பியது. அவர் எரிச்சலில் கத்தினார். நான் சமையலறைக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன், இந்த முறை நிம்மதியில். ஏறிவிட்டது. மருந்து உள்ளே போய்விட்டது. கல்லூரிக்குப் போகும் பஸ்ஸில் பருத்திப்பட்டு தாண்டிச் செந்நீர்க்குப்பம் வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டு, எழுந்திருங்கள், எழுந்திருங்கள் என்று அந்த நொதிகளை வேண்டிக்கொண்டே போவேன். படித்த முட்டாளின் பிரார்த்தனை. இருமல் குறைந்தது. மாடிப்படியை ஒரே மூச்சில் ஏறினார். அடுத்த ஸ்கேனில் கட்டி சுருங்கியிருந்தது. கோயம்புத்தூரில் படிக்கும் மகளுக்குப் போன் போட்டு, "உங்கம்மா சொன்ன மாதிரியே ஆபீஸ் ஆளு முழிச்சிகினான்" என்றார்.

பிறகு பருக்கள் அடங்கின. உடம்புக்குப் பழகிவிட்டது என்று நினைத்தேன். அப்படி அடங்குவதும் உண்டுதான். தினமும் காலையில் பக்கத்து பிளாக் நண்பரோடு நடக்கப் போய்விட்டு, ஏழு மணிக்கு வந்து என் எதிரில் மாத்திரையைப் போட்டுக்கொள்வார். நெஞ்செரிச்சல் எப்படி இருக்கிறது என்று கேட்டால், "பரவால்ல" என்பார். பொறுத்துக்கொள்கிறார் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மறுபடி இருமல். அடுத்த ஸ்கேனில் கல்லீரலில் புள்ளிகள். திரும்பவும் துணுக்கு எடுத்துச் சோதித்தார்கள். வேறொரு மாத்திரை இருக்கிறது, அதற்குத் தேவையான மாற்றம் இவரிடம் இல்லை என்றார்கள். பழைய மாத்திரையோடு ஊசி மருந்தும் ஏற்றினார்கள். இரண்டாவது தடவைக்கே ரத்த அணுக்கள் இறங்கி, காய்ச்சலில் படுத்து, பாதியாகிவிட்டார். நான் வேறு டாக்டர்களுக்குக் கோப்பைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். ஆய்வுக்கூடத்துப் பழைய ஆட்களைத் தேடிப் பிடித்தேன். அந்த நொதிகளை நேரடியாக எழுப்பும் மருந்து எங்காவது வந்திருக்கிறதா என்று கண் எரிய எரியப் படித்தேன். எல்லாம் தட்டில் வேலை செய்தது. தட்டில் வேலை செய்யாத மருந்து என்று உலகத்தில் எதுவுமே இல்லை போல.

கடைசியாக ஒரு நாள் டாக்டரம்மா அவரையும் என்னையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேசினார். இனி நோய்க்கு மருந்து வேண்டாம், அந்த மாத்திரையையும் நிறுத்திவிடலாம், வலிக்கும் மூச்சுக்கும் வேண்டியதைத் தருகிறேன் என்றார். கணவர் தொண்டையைச் செருமினார்.

"மேடம், அப்ப இனிமேலு கேஸ் மாத்திர போட்டுக்கலாமா? தப்பா நெனச்சிக்காதீங்க, டீச்சருக்குத் தெரியாம நடுவுல போட்டுகினுதான் இருந்தேன். எரிச்சல் தாங்கல. வாக்கிங் போம்போது தோஸ்த்துகிட்ட ஒண்ணு வாங்கிப் போட்டுக்குவேன்."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். "எவ்ளோ நாளா?"

"தெனிக்கும்தான். அந்தப் பரு அடங்கறதுக்கு கொஞ்சம் முன்னாடிலேர்ந்து."

டாக்டரம்மா கையிலிருந்த பேனாவை மூடினார். "போட்டுக்கோங்க சார்" என்றார்.

திரும்பி வரும்போது வாடகைக் காரில் அவர் என் தோளில் சாய்ந்திருந்தார். வானகரத்தில் வண்டி நகராமல் நின்றது. நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஏன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் எரிச்சலைத் தாங்கியிருப்பார். நெஞ்சே வெந்தாலும் தாங்கியிருப்பார். நான் பத்தியம் என்று சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை மட்டன் சாப்பிடுகிற மாதிரி அவரும் பத்தியத்தை மீறினார்.

"டீச்சர்."

"ம்."

"அந்தம்மா ஏன் உன்ன அப்டிப் பாத்தாங்க? அந்த கேஸ் மாத்திரையாலதான் இது ஒத்து வர்லியா?"

"இல்லங்க. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல" என்றேன்.

அவர் தலையை நிமிர்த்தி என் முகத்தைப் பார்த்தார். செல் விஷயத்தில் நான் சொல்லி அவர் நம்பாமல் இருந்ததே இல்லை. மறுபடியும் தோளில் சாய்ந்துகொண்டார்.

"அப்ப சரி. ஒரு நிமிசம் பயந்துட்டேன் டீச்சர். நானே என்னைக் கெடுத்துகினேனோன்னு."

நீங்கள் இல்லை, நான்தான் என்று சொல்ல அப்போதும் நேரம் இருந்தது. அதன் பிறகும் ஐந்து வாரம் இருந்தார், தினமும் நேரம் இருந்தது. நான் சொல்லவில்லை.